தட்டுகளுக்கு இடையே ஒரு வட்டம்

1

இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டதன்று, என்னிடமிருந்து மறைக்கப்பட்டது.

மாட்டுங்காவில், ராஜலக்ஷ்மி என்னும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் வீட்டுக் கூடத்தில், புதன்கிழமை மதியங்களில் சிலர் கூடி, ‘மண்டலம்’ என்னும் அச்சிட்ட வட்டக்கோலங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். தன்னைத்தான் உற்றுநோக்கவும் உள்வளர்ச்சி பெறவும் அது உதவும் என்று அழைப்பில் எழுதியிருந்தது. உள்வளர்ச்சி என்னும் சொல்லை மருத்துவர் சொன்னால் அஞ்சுகிறோம். வகுப்பு நடத்துபவர் சொன்னால் கட்டணம் செலுத்துகிறோம். அந்தச் சொல்லின்மீது கொண்ட சந்தேகத்தால்தான் போனேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, தேர்வறையில் விடைத்தாளைக் காக்கும் மாணவியைப்போல இடக்கையை வளைத்துத் தம் தாளை மறைத்துக்கொண்டார். கைக்கு மேலே தெரிந்தது சிறிது கறுப்பு மட்டும். வகுப்பு முடிந்ததும் அவர் தாளை மடிக்கவில்லை, சுருட்டவும் இல்லை. இரண்டு எவர்சில்வர் மூடிகளுக்கு நடுவே வைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

[நான் பார்த்த பெண்மணியை ‘அவர்’ என்றும், அவரைக்கொண்டு நான் உண்டாக்கியவளை ‘அவள்’ என்றும் எழுதுகிறேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இந்தப் பத்தியோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் அவள்.]

2

தொடக்கம் ஒன்று: “மகேஸ்வரி கறுப்பைத் தேர்ந்தெடுத்தபோது, அவள் மனத்தின் அடியாழத்தில்—”

நிறுத்திவிட்டேன். அடியாழத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதுவதற்கென்று ஒரு நடை உண்டு. அது எனக்கும் வரும். அதனாலேயே அதை நம்புவதில்லை.

தொடக்கம் இரண்டு: “வண்ணங்கள் பேசும் என்பார்கள்.” யார் என்பார்கள்? அடித்தேன்.

தொடக்கம் மூன்று: “தாராவி தொண்ணூறடிச் சாலையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தங்கபாண்டியின் மனைவி மகேஸ்வரிக்கு ஒரு பொய் தேவைப்பட்டது.”

இது நிற்கும். பொய்யும் எளிது: “மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன்.” வாழையிலை, பூ, நல்ல முருங்கைக்காய் ஆகியவற்றுக்காகச் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் பெண்கள் மாட்டுங்கா போவதை யாரும் ஏனென்று கேட்பதில்லை. புதன்கிழமைகளில் அது பாதி உண்மை. பூ வாங்கிக்கொண்டு ராஜலக்ஷ்மி வீட்டுக்குப் போவாள். மற்ற நாள்களில் அது முழுப்பொய். அன்றெல்லாம் அவள் போகும் இடம், கணவனின் கடையிலேயே இருக்கும் மாளா.

மாளா என்பது கடைக்குள் தலைக்குமேல் பலகை அடித்து உண்டாக்கிய தளம். மரஏணியில் ஏறினால், குனிந்த தலையுடன், அடுக்கிய குடங்களுக்கும் குக்கர் பெட்டிகளுக்கும் நடுவே ஒருவர் உட்காரலாம். தங்கபாண்டி மதியங்களில் மொத்த வியாபாரிகளிடம் சரக்குப் பார்க்கப் போய்விடுவார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவில் சஃப்ரீன் இருப்பாள். அவள் பில் போடும் பெண், அதே சாலையில் வளர்ந்தவள். மகேஸ்வரி மேலே இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“எக்கா, அண்ணாச்சி வந்துட்டா?”

“வந்துட்டா நான் மேலயே இருந்துக்கிடுதேன். அவரு டீ குடிக்கப் போகையில குரல் குடு.”

“தும்மல் வந்தா?”

“தும்மல் வராது. வந்தா நீ தும்முனேன்னு சொல்லு.”

3

வகுப்பின் முறையைச் சொல்லவேண்டும். அச்சிட்ட வட்டம் ஒன்றைத் தருவார்கள். வட்டத்துக்குள் வட்டம், நடுவே இதழ்கள். வெளியிலிருந்து உள்ளே வரலாம், உள்ளேயிருந்து வெளியே போகலாம். பேசக்கூடாது. முடித்தபின் தாளைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும்.

“எந்தக் கலர் தோண்றதோ அதைப் போடுங்கோ. யோசிக்கப்படாது. முடிச்சப்புறம் ஒரே ஒரு கேள்விதான்: இதுல நீங்க எங்க இருக்கேள்?” என்பது ராஜலக்ஷ்மியின் பாடம் முழுவதும்.

நான் தீட்டிய தாளில் ஒரு கோடுகூடத் தாண்டவில்லை. எதிரெதிர் இதழ்கள் நிறத்தில் ஒத்திருந்தன. ராஜலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நீங்க கலர் அடிக்கலை. ப்ரூஃப் பாத்திருக்கேள்.”

அச்சுப்பிழை திருத்தும் என் தொழிலை அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும் என்று சந்தேகித்தேன். இப்போதும் சந்தேகிக்கிறேன்.

மகேஸ்வரிக்கு இந்தக் கேள்வி எப்படிப் பட்டிருக்கும்? இங்கேதான் இத்தகைய கதைகள் பொய் சொல்லத் தொடங்கும். முதல் தாளிலேயே அவளை அழவைக்கலாம். நான் அழவைக்கவில்லை. முதல் தாளில் அவள் எங்கும் இல்லை; பச்சை தீர்ந்துபோன எரிச்சல் மட்டும் இருந்தது. பிறகொரு தாளில், எல்லாவற்றுக்கும் வெளியே, கடைசி வளையத்தில் தன்னைக் கண்டாள். அது அவளுக்கு வியப்பாக இல்லை. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் அவள் உட்காரும் இடமும் ஏறத்தாழ அதுதான்.

கறுப்புத் தாள் அதற்குப் பின் வந்தது. பாத்திரக்கடைக்காரி என்பதால் அந்த வட்டம் அவளுக்கு மேலிருந்து பார்த்த குடத்தின் வாயாகத் தெரிந்தது. குடத்தின் உள் எப்போதும் கறுப்பு. நடுவைக் கறுப்பாக்கி, சுற்றிச் செப்புச்சிவப்புத் தீட்டினாள். கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தாள். நடுவே, அந்தக் கறுப்பில், தான் இருப்பதாகத் தோன்றியது. ஒளிந்திருப்பதாக அல்ல, இடம் கிடைத்து உட்கார்ந்திருப்பதாக.

[இதை நான் நம்புகிறேனா? வாக்கியத்தை நம்புகிறேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதால் நம்புகிறேனோ என்ற ஐயமும் உண்டு. விட்டுவைக்கிறேன்.]

4

அந்தத் தாளை எங்கே வைப்பது? வீட்டில் பீரோவை எல்லாரும் திறப்பார்கள். மாளாவில் எலி. ஆனால் பாத்திரக்கடையில், தாளுக்கென்றே ஓரிடம் இருக்கிறது. எவர்சில்வர் தட்டுகள் ஒன்றையொன்று கீறாதிருக்க, அடுக்கும்போது நடுநடுவே காகிதம் வைத்திருப்பார்கள். ஏணிக்கடியில், மூலையில், அறை பிரித்த சாப்பாட்டுத் தட்டுகள் ஓர் அடுக்கு நெடுநாளாகக் கிடந்தது. அந்த வடிவத்தை இப்போது யாரும் வாங்குவதில்லை. மகேஸ்வரி அதிலிருந்த பழைய செய்தித்தாளை எடுத்துவிட்டுத் தன் தாளை வைத்தாள். சுருக்கம் விழாது, எவர் கண்ணிலும் படாது. ஒரு வியாபாரியின் மனைவிக்கு விற்காத சரக்கின்மேல் இருந்த நம்பிக்கை அது.

தட்டுக்கு ஆள் வந்தது.

வாங்க வந்தவர் பூலோகம். மான்குர்த்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை முன்னின்று நடத்துபவர். தங்கபாண்டி அன்று வழக்கத்தைவிட முன்னதாகத் திரும்பியிருந்தார். மகேஸ்வரி மேலே ஒரு புதுத் தாளில் பாதி வழியில் இருந்தாள்.

“அண்ணாச்சி, கொடைக்கு அறை வச்ச தட்டு வேணும். ரேட்டப் பாத்துப் போடணும்.”

“உமக்குப் போடாம யாருக்குப் போடப்போறேன்? ஏ சஃப்ரீன், அந்தத் தட்ட எடு.”

“எந்தத் தட்டு அண்ணாச்சி?”

“அதாம்மா, மூலையில யாரும் வாங்காம கெடக்க—” தங்கபாண்டி இருமினார். “ஸ்பெஷலா எடுத்து வச்சிருக்கமே, அது.”

“அது வேண்டாம் அண்ணாச்சி. புது மாடல் வந்திருக்குல்லா, அதக் காட்டுதேன்.”

“எடுன்னு சொல்லுதேம்லா.”

மேசைமேல் பூலோகம் ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பார்த்தார். ஐந்தாறு தட்டுக்குப்பின், ஒன்றிலிருந்து தாள் வழுக்கி மேசையில் விழுந்தது.

“என்ன அண்ணாச்சி இது?”

“பேக்கிங் பேப்பரா இருக்கும்.”

“பேக்கிங் பேப்பர்ல சக்கரம் போட்டா அனுப்புதான்? இதழப் பாரும். நடுவுல கறுப்பு. சுத்திச் செவப்பு.” பூலோகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “உமக்கு யாரோ நல்லா செய்வினை வச்சிருக்காவ. எனக்குத் தட்டு வேண்டாம்யா. அம்மன் பேரச் சொல்லி நாலு சனம் சோறு திங்கிற தட்டு.”

அவர் போய்விட்டார். சாலை முழுவதும் அப்போதே ஒருவரையொருவர் நம்பாத காலம். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. ஆள்கள் வந்து சுவர்களில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். யாருக்கு இடம் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று தெரியாததால், எதிர்க்கடைக்காரர் சிரித்தாலும் தங்கபாண்டி காரணம் தேடினார். வியாபாரம் மந்தம். இப்போது மந்தத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது.

5

தங்கபாண்டி அடுத்த சந்தில் இருக்கும் தம் அக்கா தங்கமயிலுக்குப் போன் செய்தார். தங்கமயில் எலுமிச்சம்பழத்துடனும் கற்பூரத்துடனும் வந்தார்.

“கையால தொட்டியா?”

“இல்லக்கா. இடுக்கியால எடுத்துத் தரையில போட்டு, அண்டாவக் கவுத்திருக்கேன்.”

“எந்த இடுக்கி?”

“கடையில விக்கிய இடுக்கிதான்.”

“அண்டாவும் விக்கிய அண்டாவா?”

“ஆமா.”

“கெட்டுது போ. வச்சவன் ஒரு தாளுதான் வச்சான். மீதி நட்டத்த நீயே பண்ணிட்ட.” சுற்றும் பார்த்தார். “மகேசு எங்க?”

“மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருக்கா.”

“நல்லவேள. இங்க இருந்திருந்தா பயந்துருப்பா.”

பலகைக்கு மேலே மகேஸ்வரி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கபாண்டி சஃப்ரீன் பக்கம் திரும்பினார். “தட்ட யாரு எடுப்பா, வைப்பா?”

“நான்தான் அண்ணாச்சி.”

“வேற?”

“வேற யாரு எடுப்பா?”

“அப்ப எதுக்கு அந்தத் தட்ட எடுக்க வேண்டாம்னு சொன்ன? புது மாடலக் காட்டுதேன்னு நின்ன?”

சஃப்ரீனிடம் அதற்குப் பதில் இருந்தது. அது தலைக்குமேலே உட்கார்ந்திருந்தது.

[இங்கே கதையை நிறுத்தி ஒன்றைப் பதிவுசெய்யவேண்டும். முதல் வரைவில் கல்லாவில் இருந்தவன் தங்கபாண்டியின் தங்கை மகன் ஜெயகணேஷ். இதே சொற்கள், இதே கேள்விகள். அவன்மேல் சந்தேகம் நிற்க மறுத்தது. நான் என்ன எழுதினாலும் தங்கபாண்டி “ஏதோ சின்னப் பய” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையைப் பார்த்தார். பெயரைச் சஃப்ரீன் என்று மாற்றினேன். ஒரு சொல்லும் திருத்தாமல் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. அதைத் தங்கபாண்டியின் குறையாக எழுதிவிட்டு நகர எனக்கு ஆசைதான். ஆனால் பெயரை மாற்றினால் ஒட்டும் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை.]

6

தங்கமயில் ஒரு மூடியைக் கவிழ்த்து அதன்மேல் கற்பூரம் வைத்தார்.

“ஆளுக்கொருத்தரா கையால அணைச்சுச் சொல்லணும். இத நான் வைக்கல. வச்சது யாருன்னும் எனக்குத் தெரியாது. பொய் சொன்னவ கை சொல்லிரும்.”

தங்கபாண்டி கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சொல்லி, அணைத்தார். தங்கமயிலும் சொல்லி அணைத்தார். மூன்றாவது கற்பூரம் ஏற்றப்பட்டது.

“எங்க வீட்ல இந்த வழக்கம் கெடையாதே, பெரியம்மா” என்றாள் சஃப்ரீன். “அல்லா மேல கசம், சத்தியம் வேணும்னா சொல்லுதேன்.”

“என்னன்னு சொல்லுவ?”

“இத நான் வைக்கல.”

“மிச்சம்?”

சஃப்ரீன் பில் புத்தகத்தை நேராக்கி வைத்தாள்.

“மிச்சத்தையும் சொல்லு பிள்ள. கற்பூரம் வேண்டாம்னா உன் சாமி மேலயே சொல்லு. யாரு வச்சான்னு தெரியாதுன்னு சொல்லு.”

“அண்ணாச்சி, நான் வைக்கலன்னு சொல்லிட்டேன்ல. சச்சீ, நெசமாத்தான்.”

“அப்ப யாருன்னு தெரியும். அதானே?” தங்கபாண்டி குரலை உயர்த்தவில்லை. “ரெண்டையும் சொல்லி அணைச்சுட்டுப் போயி பில்லப் போடு. முடியாதுன்னா நாளையிலேருந்து வராத. நான் யாருட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவர் சொல்லவேண்டியதில்லை. பூலோகம் சொல்லியிருப்பார். செய்வினை வைத்தவள் என்று ஒரு கடையை விட்டு அனுப்பப்பட்ட பெண்ணைத் தொண்ணூறடிச் சாலையில் இன்னொரு கடை எடுக்காது. அவள் சம்பளத்தில் ஒரு வீடு நடக்கிறது.

“தாளக் கொளுத்திருவோம்” என்றார் தங்கமயில். “கெட்டது.”

மேலே இருப்பவளுக்கு எல்லாம் தெரியும். ஏணியில் இறங்கி “அது எம் படம்” என்று சொன்னால் போதும், சஃப்ரீன் தப்பிவிடுவாள். அதன்பிறகு கேள்விகள் வரும். மார்க்கெட் என்று சொன்னதெல்லாம் பொய்யா? யார் கற்றுக்கொடுத்தது? சொந்தக் கடையிலேயே எதற்கு ஒளித்தாய்? யாருக்கு எதிராக? தன்னை உட்காரவைத்துப் பார்த்த ஓர் இடம் அவளுக்கு இருந்தது. அது இறங்கும் கணத்தில் போய்விடும். இறங்காவிட்டால் அந்த இடம் இருக்கும். ஆனால் அது சஃப்ரீனின் வேலையை விலையாகக் கொடுத்து வாங்கிய இடமாக இருக்கும்.

7

முடிவு அ: மகேஸ்வரி இறங்குகிறாள். தங்கபாண்டி திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்து, மறுநாள் ஒரு பெட்டி வண்ணப் பென்சில்—

இல்லை. கொடைக்கான ஆர்டர் கையைவிட்டுப் போன நாளில் எந்த வியாபாரியும் அப்படிச் சிரிப்பதில்லை.

முடிவு ஆ: மகேஸ்வரி இறங்கவில்லை. சஃப்ரீன் பையை எடுத்துக்கொண்டு போகிறாள். மகேஸ்வரி தொடர்ந்து வண்ணம்—

இந்த வாக்கியம் முடியவில்லை. முடிக்கப் பலமுறை முயன்றேன்.

முடிவு இ: சஃப்ரீன் அண்ணாந்து பார்த்து, “எக்கா, நீங்களே சொல்லுங்க” என்கிறாள். சொல்வதானால் முதல் கேள்விக்கே சொல்லியிருப்பாள். கடைசியில் அவளைப் பேசவைப்பது எனக்கு வசதி, அவளுக்கு இயல்பன்று.

8

அடுத்த புதன்கிழமை, எல்லாரும் போனபின், இதுவரை எழுதியதை ராஜலக்ஷ்மிக்குப் படித்துக் காட்டினேன். கடையில் மண்டலத் தாள் செய்வினையாகத் தெரிவதைக் கேட்டு அவர் கேலி செய்வாரோ என்று சந்தேகித்தேன். அவர் கேலி செய்யவில்லை.

“அவளை எத்தனை நாழி மேலேயே உக்காத்தி வெச்சிருப்பேள்? கால் மரத்துப் போயிருக்கும், பாவம்.”

“இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.”

“தெரிஞ்சுண்டுதான் இறங்கணுமா? நன்னாருக்கே.”

“நீங்கள் சொல்லும் உள்வளர்ச்சி உண்மையானால், அவள் இறங்கத்தானே வேண்டும்?”

இதை நான் பொறியாக வைத்தேன். அவர் பென்சில்களை நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“நான் பென்சில் குடுத்தேன், பேப்பர் குடுத்தேன். இறங்கறதுக்கு நான் காரணம்னு சொல்லிண்டா, இறங்காம இருந்தாலும் நான்தானே காரணம்? அது அவ பாடு.” சற்று நிறுத்தினார். “ஒண்ணு கேக்கறேன். அவ இறங்கிட்டா, புதன்கிழமை ஆத்துல அவளை இங்க அனுப்புவாளா?”

“தெரியவில்லை.”

“அனுப்பமாட்டா” என்றார். மூடி சரியாகப் பொருந்தாததால் பெட்டியை மறுபடி திறந்தார். ஒரு மாணவியை இழப்பதில் வருத்தமா, வேறு வருத்தமா என்று முகத்தைப் பார்த்தேன். அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய இயலவில்லை.

9

ஆகவே முடிவை எழுத மறுக்கிறேன். திறமைக் குறைவால் அன்று. ‘இறங்கினாள்’ என்பது ஒரு சொல். அதை எழுத ஒரு நொடி போதும். ஆனால் நான் எழுதினால் இறங்குவது நானாக இருக்கும். அவளுடைய தாளில் நானே கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டிக் கொடுத்ததுபோல் ஆகும். எழுதாமல் முற்றுப்புள்ளி வைத்தாலோ, சஃப்ரீனை வேலையைவிட்டு நீக்கியவர்களில் நானும் ஒருவன். இரண்டுக்கும் இடையே எனக்கு எஞ்சியிருப்பது, நடப்பதை நடக்கும் வரிசையில் சொல்லுவது மட்டும். அதுவரை சொல்லிவிட்டு உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது கற்பூரம் பாதிக்குமேல் எரிந்துவிட்டது. தங்கமயில் எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கிறார். தங்கபாண்டி கடிகாரத்தை இன்னும் கட்டவில்லை. சஃப்ரீன் வலக்கையைச் சுடருக்கு மேலே நீட்டியிருக்கிறாள்; முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிட்டாள், இரண்டாவதைத் தொடங்கவில்லை.

“சொல்லு பிள்ள.”

“சொல்லுதேன் பெரியம்மா.”

“எப்ப? அணைஞ்ச பெறவா?”

மேலே ஒரு பலகை முனகுகிறது. பலகை இடுக்கிலிருந்து தூசி மெல்ல உதிர்ந்து மேசைமேல் விழுகிறது. குனிந்து கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருவருக்கும் அது தெரியவில்லை. சஃப்ரீனுக்குத் தெரிகிறது. மேலே இருப்பவள் எழுந்து ஏணிப் பக்கம் நகர்கிறாளா, கால் மரத்துப்போய் வெறுமனே அசைகிறாளா என்பதை அந்தத் தூசியைக்கொண்டு சொல்ல முடியாது.

சஃப்ரீன் அண்ணாந்து பார்க்கவில்லை. கையை இறக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. உள்ளங்கை சூடாகிக்கொண்டிருக்கிறது. அவள் இரண்டாவது வாக்கியத்துக்கு வாய் திறந்து, மிகவும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இடம் விட்டு—